வண்டியை ஒளித்து வைக்கச் சொல்லாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் நம் பட்டறையிலிருந்து ஒரு குட்டியானையை (சின்ன லோடு வண்டிதான்) கோர்ட் ஆர்டரோடு வந்து எடுத்துப் போனது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. பைனான்ஸ்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு பட்டறைக்காரனே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று கடலூர் செம்மண்டலம் டீக்கடையில் பேச்சாம். சரி, நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

கிளட்ச் வேலைக்கு வந்த வண்டி அது. பண்ருட்டி பலாப்பழம் லோடு அடிக்கிறவருடையது, சில டியூ நின்றுபோயிருந்தது. யார் என்று எழுதப் போவதில்லை. முதலில் பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள், கையில் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், "சாவியைக் குடுங்க அண்ணே" என்றார்கள். வண்டியை என்னிடம் விட்டவர் வேறு ஆள், அவர் எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வண்டியை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தன் சார்பில் நியமித்த வக்கீல் கமிஷனர் ஒரு அம்மா வந்தார், கூடவே ஒரு போலீஸ்காரர். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் போனில், "அண்ணே, பின்பக்க கேட்டைப் பூட்டிட்டு வண்டி இங்க இல்லைன்னு சொல்லிடுங்க" என்கிறார். நான் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தப் பேச்சு எல்லாம்.

ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் வண்டி எடுக்கும்போது ஷோரூமில் கையெழுத்துப் போட்ட அந்த முப்பது நாற்பது பக்கத்தில், தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது மத்தியஸ்தர் முன்னால் தீர்வு என்று பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும், இடம் சென்னை என்றும் இருக்கும். லீஸ், ஹயர் பர்ச்சேஸ் என்றால் பணம் கட்டி முடிக்கும்வரை கம்பெனிதான் உரிமையாளர். சாதாரண வண்டி லோன் என்றால் நீங்கள் உரிமையாளர், வண்டி ஈடு. எதுவானாலும் அந்தப் பத்தி இருந்தால் 1996-ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், வழக்கு முடியும்வரை வண்டியைப் பத்திரப்படுத்த கம்பெனி கோர்ட்டுக்குப் போகலாம். கமிஷனர் வருவது அந்த வழியில்தான். மத்தியஸ்தர் நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே இப்படி ஆர்டர் வாங்கினால், 90 நாளுக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும். கம்பெனி சும்மா இருந்துவிட்டால் நீங்கள் கோர்ட்டில் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

இனி கோர்ட் அவமதிப்பு. டியூ கட்டாவிட்டால் கன்டெம்ப்ட் கேஸ் போடுவோம் என்று போனில் மிரட்டுகிறார்களே, அது சுத்தப் பொய். கடன் பாக்கி கடன் பாக்கிதான், அவமதிப்பு ஆகாது. ஆனால் வண்டியை ஒப்படை, விற்காதே, இடம் மாற்றாதே என்று கோர்ட் போட்ட ஆர்டர் தெரிந்தும் வேண்டுமென்றே மீறினால், இல்லை இத்தனை தேதிக்குள் கட்டுகிறேன் என்று கோர்ட்டிலேயே உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே டிமிக்கி கொடுத்தால், அது அவமதிப்பு. 1971-ஆம் வருடச் சட்டப்படி 6 மாதம் வரை சாதாரணச் சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். "ரெண்டாயிரம்தானே!" என்று ஒருத்தர் சிரித்தார், ஆறு மாதம் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. இது போக, தடை உத்தரவை மீறினால் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை என்று தனியாக இருக்கிறது. மத்தியஸ்தர் போடும் இடைக்கால ஆர்டரும் 2015 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் ஆர்டர் மாதிரியே அமலாகும். வீட்டுக்கு வந்த காகிதம் நீதிபதி போட்டதில்லையே என்று பரணில் போடாதீர்கள்.

ஆர்டர் உங்கள் பேரில்தானே, பட்டறைக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். தெரிந்தே மீறலுக்குத் துணை போகிறவனையும் கோர்ட் விடாது. கமிஷனர் முன்னால் நின்று பொய் சொன்னால் உங்களோடு நானும் கூண்டில் நிற்க வேண்டும். ஆல்பேட்டை பாலம் தாண்டி பாகூர் பக்கம் மச்சான் வீட்டில் விட்டுவிட்டால் தப்பித்தோம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். புதுச்சேரிக்கும் அதே சென்னை உயர் நீதிமன்றம்தான் ஐயா, பாலத்துக்கு அந்தப் பக்கம் டீசல் விலைதான் மாறும்.

அந்த கமிஷனர் அம்மா வேலை செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சேஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் எண், அதன் மேல் கிரீஸ் அப்பியிருந்தது, பையனிடம் வேஸ்ட் துணி வாங்கித் தானே துடைத்து, ஆர்டரில் இருந்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, டயர் எந்த நிலைமை என்று எல்லாம் எழுதி, போட்டோ எடுத்து, எனக்கு ஒரு நகல் கொடுத்தார். கிளட்ச் பில் 11,400 ரூபாய் நிற்கிறதே என்றேன், அதையும் ரிப்போர்ட்டில் குறித்துக்கொண்டார். வேலை பார்த்த கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தில் எங்களுக்கு உண்டு. ஆனால் அதைக் காட்டி கோர்ட் ஆர்டர் முன்னால் மல்லுக்கட்ட முடியாது. பணம் இன்னும் வரவில்லை.

மறுபக்கமும் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலும் கம்பெனி வண்டியை எடுக்கலாம், ஆனால் அடிதடி, மிரட்டல் கூடாது. குண்டர்களை வைத்து வண்டி பிடிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் பிரகாஷ் கவுர் வழக்கிலேயே கண்டித்திருக்கிறது. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கட்ட ஒரு கடைசி வாய்ப்பு, இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி பைனான்ஸ் கம்பெனிகளுக்கு வைத்த விதி. மத்தியஸ்தர் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் பதில் போடுங்கள். கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒரே ஆளை மத்தியஸ்தராக நியமித்திருந்தால் ஆட்சேபம் சொல்லலாம், உச்ச நீதிமன்றத்தின் 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பு அதற்குத்தான் இருக்கிறது. போகாமல் இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பு வரும், அதை எதிர்க்க 3 மாதம், நல்ல காரணம் இருந்தால் மேலே 30 நாள், அவ்வளவுதான். அதே 9-ஆம் பிரிவில் நீங்களும் விற்பனைக்குத் தடை கேட்கலாம். தடை கிடைத்த பிறகு கம்பெனி வண்டியை ஏலம் விட்டால் அவமதிப்பு அவர்கள் தலையில். மஞ்சக்குப்பம் கோர்ட் வாசலில் சும்மா நிற்கிறவரிடம் கேட்காமல், ஒரு வக்கீலிடம் ஒப்பந்த நகலைக் காட்டிக் கேளுங்கள்.

இனிமேல் நம் பட்டறை வழக்கம் இதுதான்: வண்டி விடும்போது ஆர்.சி. நகல் வேண்டும். பைனான்ஸ் ஆள் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் போன். உங்கள் எழுத்து இல்லாமல், கோர்ட் ஆர்டரும் இல்லாமல் யாருக்கும் சாவி கிடையாது. ஆர்டரில் இருக்கும் நம்பரும் சேஸ் நம்பரும் ஒத்துப்போனால் கேட்டைத் திறந்துவிடுவோம்.

அப்புறம், குட்டியானைக்காரருக்கு. உங்கள் தார்ப்பாய், டிபன் கேரியர், டேஷ்போர்டில் இருந்த முருகர் படம் மூன்றையும் கமிஷனர் அம்மா சொந்தச் சாமான் என்று எழுதி என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். ஷெட்டில்தான் இருக்கிறது. கோபம் இருந்தால் பரவாயில்லை, பையனையாவது அனுப்புங்கள்.