அப்பாவுக்கு மறுபடி பசிக்கிறது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அம்மா போன பிறகு கோவைக்கு அழைத்து வந்தேன் இல்லையா, முதல் மூன்று மாதம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. வேளைக்குச் சூடாகச் சாப்பாடு, தனி அறை, மாத்திரை எல்லாம் இருந்தும் ஒன்றரை இட்லியோடு தட்டை நகர்த்திவிடுவார். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

பி.எட். படிக்கும்போது, மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடை நாம் மாறி மாறி ஒப்பித்தது நினைவிருக்கிறதா? அடியில் சோறு தண்ணீர், மேலே பாதுகாப்பு, மூன்றாவதாகத்தான் அன்பு. ஆனால் 1943இல் எழுதிய கட்டுரையிலேயே, இந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதில் பிரமிடு படமும் கிடையாது.

எனக்கு ஹார்லோவின் குரங்குக் குட்டிகள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. மாஸ்லோவுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழிகாட்டியாக இருந்த உளவியலாளர் அவர். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி, இன்னொன்று துணி சுற்றியது. சில குட்டிகளுக்குப் பால் கம்பித் தாயிடம் மட்டும்தான். அவையும் குடித்த கையோடு ஓடிவந்து துணித் தாயைக் கட்டிக்கொண்டன. 1958இல் இதை வெளியிட்டார். அந்தக் குட்டிகளுக்குச் செய்த கொடுமையை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனாலும், தட்டை வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய நானும் அப்பாவுக்குக் கம்பித் தாயாகத்தான் இருந்தேனோ என்று ஒரு ராத்திரி அழுதுவிட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டிருக்கிறார். தாலுகா ஆபீஸில் 30 வருஷம் இருந்தவர் அல்லவா! மறுநாள் இன்னொருவர் பட்டா விஷயமாக வந்தார். இப்போது ஒன்பது மணிக்கெல்லாம் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு கீழே இறங்கிவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே வந்தவர், "ரசம் இருக்கா? இன்னும் கொஞ்சம் சாதம் போடும்மா" என்றார். கரண்டி பிடித்த கை எனக்கு நடுங்கியது.

ராத்திரிச் சாப்பாட்டை இப்போது அவரோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா அவரை இரண்டு தடவை விசாரித்துவிட்டார்.

அன்புடன்,
வசந்தா