குலுக்கலை நம்பிக் கோடையை வீணாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ கூடைப்பந்தில் தோற்றுத் துவளும் அணிகள், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாருக்கு முதல் தேர்வு என்று முடிவுசெய்யும் குலுக்கலையே மலைபோல் நம்புகின்றன. 2019-ல் விதி மாறி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு வாய்ப்பு தலா 14 சதவீதம் ஆனது. 2025-ல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பிருந்த டல்லாஸ் அணி முதல் தேர்வைத் தட்டிச் சென்றது.

குலுக்கல் நம் கையில் இல்லை; கோடையில் கையில் இருக்கும் வேலை மூலை எறிதல், அதாவது ஆடுகளத்தின் மூலையிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவது. மூன்று புள்ளிக் கோடு கூடைக்கு நேர் எதிரே 7.24 மீட்டர், மூலையில் 6.7 மீட்டர்தான். அங்கே குறி தவறாத இருவர் நின்றால், கூடையடியில் காவல் நிற்பவர் வெளியே வந்தாக வேண்டும்; உள்ளே பாய்பவருக்கு வழி கிடைக்கும். ஆனால் நின்ற இடத்திலேயே நூறு பந்து எறிவது பயிற்சி ஆகாது. ஓடிவந்து, மறிக்கும் கைக்கு எதிரே எறிந்து பழக வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு காலைச் சரிசெய்தால் அந்த அரை நொடியிலேயே வாய்ப்பு போய்விடும். பந்து காற்றில் வரும்போதே முழங்கால் மடிந்திருக்க வேண்டும்.

எறிதல் தவறியதும் ஐவரும் ரீபவுண்டுக்கு, அதாவது எகிறி வரும் பந்தைப் பிடிக்க, பாயாமல், எதிரணியின் பதில் தாக்குதலைத் தடுக்க இருவர் உடனே பின்னோக்கி ஓட வேண்டும்.

முப்பதைத் தாண்டிய நட்சத்திரத்துக்கு நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்துச் சம்பள உச்சவரம்பை (வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உள்ள வரம்பை) அடைத்துக்கொள்வது, தயவுசெய்து வேண்டாம்.