பெல்ட்டில் இறக்கம் இல்லை

பழைய மூணாறு,
தை 6

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய டிரெட்மில் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இனிமேல் குளிர்காலத்தில் வாசற்படி தாண்டவே கூடாது, நடப்பதெல்லாம் வீட்டுக்குள்ளேதான் என்று நீ தொலைபேசியில் சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். வாய்ப்பேச்சில் மறுத்தால் சண்டையாகிவிடும் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி. விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எதிரே வருவது ஆளா யானையா என்று தெரியாத மூடுபனியில், அந்த நேரத்துச் சாலை யானைக்கே உரியது. மேலும் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும்; நானோ அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவள். கனடாவில் இருந்துகொண்டு எங்கள் குளிரைப் பார்த்து நீ சிரிக்கலாம், ஆனால் உன் வீட்டுச் சுவருக்குள் வெப்பம் ஓடுகிறது, எங்களுக்கு அடுப்படிதான் கதி. ஆகவே காலை ஆறரை மணிக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், இயந்திரத்தில்தான் நடக்கிறேன்.

தொடங்குமுன் இதயநோய் மருத்துவரிடம் போய், டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனை செய்துகொண்டேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்கியதும் நிறுத்தச் சொன்னேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே உங்கள் வேகம் என்றார் மருத்துவர். முப்பது வருடம் வகுப்பில் பேசியவளுக்கு அது எளிய அளவுகோல். சேலைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கும் என்று பயந்து, அறுபத்தாறு வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டிருக்கிறேன் (படம் கேட்காதே). மின்சாரம் நின்றால் பெல்ட் சட்டென்று நிற்கும் என்பதால் கைப்பிடிக்கு அருகிலேயே கை இருக்கும், ஆனால் பிடித்துத் தொங்குவதில்லை. பிடித்தால் பாரம் கைக்குப் போய்விடுகிறது, காலுக்கு வேலை குறைகிறது. பக்கத்து நாற்காலியில் இருந்து உன் அப்பா, "எது வரைக்கும் போயிருக்கிறாய்?" என்று தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

நீ சொன்னதில் சரியில்லாத மீதிப் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் வீட்டு இயந்திரம் ஏற்றம் காட்டும், இறக்கம் காட்டாது. நம் மலையிலோ ஏறுவது மூச்சுக்குச் சோதனை, இறங்குவது தொடைக்கும் முழங்காலுக்கும் சோதனை. வயதானவர்கள் இங்கே விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி இறங்கும் பெண்களை நீயும் பார்த்து வளர்ந்தவள்தானே? அந்தத் திறன், கால் தானாகத் தரையைத் தேடிக்கொள்ளும் அந்தப் பழக்கம், சமமான பெல்ட்டில் வராது. அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது.

எனவே வாரம் மூன்று நாள், வெயில் வந்து பனி காய்ந்த பிறகு, ஒன்பதரை மணிவாக்கில், முதிரப்புழை ஆற்றின் ஓரமாகக் கடைவீதி வரை நாற்பது நிமிடம் நடக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. ஸ்வெட்டர், காது மூடிய குல்லா, கையில் தடி. சுற்றுலாக்காரர்களின் வண்டி நெரிசல் அதிகமான நாட்களில் அந்தச் சாலையை விட்டு, வீட்டுக்கு மேலே உள்ள படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறேன். யானையாவது ஒதுங்க இடம் கொடுக்கும், இந்த ஜீப்புகள் கொடுப்பதில்லை. இரண்டையும் கூட்டினால் வாரம் 220 நிமிடம் வருகிறது. நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

முழங்கால் உறை அனுப்புவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். அதற்குப் பதிலாக, ஈரத்தில் வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி ஒரு ஜோடி அனுப்பு. தடித்த காலுறையோடு போடுவதற்காக வழக்கமான அளவைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா