ஓஎல்இடி திரையின் பழுதுக்குக் கடற்காற்றின் மேல் பழி போடுவது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் மடிக்கணினி வாடிக்கையாளர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்திலேயே பழுதான ஓஎல்இடி திரையை மாற்றித் தர மறுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பாம்பனில் திருமண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். நிறம் துல்லியமாகத் தெரியும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, எல்சிடி திரை உள்ளதைவிடக் கூடுதல் விலை கொடுத்துத் தங்கள் ஓஎல்இடி மடிக்கணினியை வாங்கினேன். மாடலும் வரிசை எண்ணும் தங்கள் பதிவேட்டில் இருப்பதால் மீண்டும் எழுதவில்லை. அவற்றைத் தங்கள் ஆட்களிடம் ஒப்பித்து ஒப்பித்து எனக்கு அலுத்துவிட்டது.

அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் டாஸ்க்பாரும், வடிவமைப்பு மென்பொருளின் இடப்பக்கக் கருவிப்பட்டையும், மென்பொருளை மூடிய பிறகும் மங்கிய நிழலாகத் திரையில் நிற்கின்றன. வெள்ளைப் பின்னணியில் அந்த இடம் மஞ்சளடிக்கிறது. மணப்பெண்ணின் கன்னத்தில் மஞ்சள் தெரிந்தால், அது நலங்கில் பூசியதா, தங்கள் திரை பூசியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்குத் தங்கள் தொலைபேசிச் சேவைப் பணியாளர் தந்த பதிலை அப்படியே தருகிறேன்: "கடலுக்குப் பக்கத்துல குடியிருந்தா அப்படித்தான் சார் ஆகும். ஓஎல்இடி எல்லாம் ஏசி ரூம்ல வச்சு யூஸ் பண்றவங்களுக்கு." நான் மறுமொழி சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். உப்புக்காற்று என்ன செய்யும் என்று பாம்பன்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914 முதல் நின்ற ரயில் பாலத்தையே அரித்த காற்று அது. ஆனால் டாஸ்க்பாரின் அளவெடுத்து, ஐகான்களின் இடைவெளிகூடப் பிசகாமல் திரைக்குள் வரைய அந்தக் காற்றுக்குத் தெரியாது.

பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் இத்திரையில், ஒளிரும் கரிமப் பொருள் பயன்பாட்டில் தேயும் என்பதும், நீலம் முந்தித் தேயும் என்பதும், ஒரே உருவம் அசையாமல் நிற்கும் இடம் மற்ற இடங்களுக்கு முன்பே தளரும் என்பதும் தயாரித்த தங்களுக்குத் தெரியாதவையா? தெரிந்ததால்தானே புள்ளிகளைப் புதுப்பிக்கும் மென்பொருளையும் உள்ளேயே வைத்து விற்கிறீர்கள்? ஈரம் புகாமல் திரையை மூடியிருக்கும் காப்பு அடைப்பைத் தாண்டி ஈரம் புகுந்திருந்தால் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவியிருக்கும். என் திரையில் அப்படி ஒன்றுகூட இல்லை.

மதுரைப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. உதிரிப்பாகம் வந்துவிட்டது என்று தங்கள் சேவை மையமே அழைத்ததால், 150 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய் டோக்கன் வாங்கி மாலைவரை உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தது வேறு மாடலின் திரை. சும்மா அனுப்ப மனமில்லாமலோ என்னவோ, அடிமூடியின் திருகாணி ஒன்றில் இருந்த துருவைப் படமெடுத்துக்கொண்டு, 'சுற்றுச்சூழல் சேதம், உத்தரவாதம் பொருந்தாது' என்று எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். நான் போட மறுத்தேன். திருகாணித் துருவுக்கும் திரை நிழலுக்கும் என்ன தொடர்பு என்று தங்கள் பொறியாளர் ஒருவராவது எழுத்தில் விளக்கட்டும்.

இப்போது நடுத்தர விலை மடிக்கணினி, டேப்லெட் வரை ஓஎல்இடி வந்துவிட்டது. கீழக்கரையிலும் தொண்டியிலும் இராமேஸ்வரத்திலும் அதை வாங்குகிறார்கள். கரையோர ஊருக்கு ஆகாத பொருள் என்றால் அதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பணம் வாங்கும்போது கடல் எங்கே இருந்தது?

ஆவணி முகூர்த்த வேலைகள் அத்தனையும் கைவிட்டுப் போயின. இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் ஒரே பருவத்தில் அழிந்தது. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

ஆயினும் தங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மதிப்பு வைத்தே இதை எழுதுகிறேன். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திரையைக் கட்டணமின்றி மாற்றித் தரவோ, முழு விலையைத் திருப்பித் தரவோ பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. நான் மதுரைக்கு வந்தது போதும். இனித் தங்கள் தரப்பு இராமநாதபுரத்துக்கு வரட்டும்.

நிழல் விழுந்த திரையின் படங்களையும், நான் கையொப்பமிட மறுத்த படிவத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.