ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி ஆலோசகர்களுக்கான கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்க வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் இதழின் கட்டுரையைப் படித்தேன். ஆலோசகருக்கும் விற்பவருக்கும் இடையே இருக்கிற விதிகள் சொல்லும் வேறுபாடே எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பலருக்கு இன்னும் எட்டவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் 2016-இல் ஓய்வுபெற்று, பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கணக்கில் வரவான வாரத்திலேயே, வங்கிக் கிளை அதிகாரி ஒருவர் என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, "டெபாசிட்டைவிடக் கூடுதலாவே கிடைக்கும் சார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மறு ஆண்டு இரண்டாம் தவணை கேட்டு அறிவிப்பு வந்தபோதுதான், அது பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீட்டு பாலிசி என்பதும், ஐந்தாண்டுகளுக்குப் பணத்தை எடுக்க இயலாது என்பதும் விளங்கின. பாலிசியை வேண்டாமென்று திருப்பித் தர அன்றிருந்த அவகாசம் 15 நாள். இப்போது 30 நாள். பத்திரத்தைப் பிரித்தே பார்க்காத எனக்கு எந்த அவகாசமும் உதவியிருக்காது. கணக்கு வாத்தியாரான எனக்கு இது இழுக்குத்தான்.

அவரை நான் ஆலோசகர் என்று நம்பினேன். அவர் செய்ததோ காப்பீட்டு விற்பனை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையமான செபியின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர், தம்மிடம் ஆலோசனை கேட்டு வருபவரிடமே கட்டணம் பெற வேண்டும். அவருக்கே திட்டத்தை விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளை விற்றுத்தரும் விநியோகஸ்தருக்குக் கூலி ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து வருகிறது. அவர் 'சுயேச்சை நிதி ஆலோசகர்' என்று போட்டுக்கொள்வதை 2020-இல் வந்த திருத்தம் தடுத்துவிட்டது. காப்பீட்டு முகவரோ வேறோர் ஆணையத்தின் கீழ் வருகிறார். ஓய்வுபெற்றவருக்கு இவர்கள் எல்லாரும் ஒன்றுதான். சில வேளைகளில் உண்மையிலேயே ஒரே ஆள்தான்.

அதற்காகக் கமிஷனையே ஒழிக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பண்ருட்டி முந்திரி வியாபாரியோ நெய்வேலிச் சுரங்கத்தில் ஓய்வுபெற்றவரோ வெறும் யோசனைக்காக ஆயிரக்கணக்கில் பணம் எடுத்துக் கொடுப்பது அரிது. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, என் மனைவி போட்டிருந்த சிறு தொகையை அவசரப்பட்டு எடுத்துவிடாதபடி தொலைபேசியில் மூன்று முறை பேசித் தடுத்தவர், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு விநியோகஸ்தர்தான். அவருக்குப் போகும் கமிஷனில் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் கமிஷன் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். 2016 அக்டோபர் முதல் மியூச்சுவல் ஃபண்டின் அரையாண்டுக் கணக்கறிக்கையில் அது ரூபாயிலேயே காட்டப்படுகிறது. ஆனால் அது வாங்கிய பின் வரும் கணக்கு. ஃபண்டோ காப்பீடோ, விற்பவர் வங்கியோ தனி முகவரோ, இதில் தமக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளர் கையெழுத்திடும் இடத்துக்கு நேர் மேலே, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும் என்று செபியும் காப்பீட்டு ஆணையமும் சேர்ந்து ஒரே விதியாகக் கொண்டுவர வேண்டும். என் படிவத்தில் அப்படியொரு வரி இருந்திருந்தால், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.