'அதிகம் என்றால் கூட்டு' அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்

நெல்லை மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர்களுக்கும் வட்டார வள மையப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

'மொத்தம், அதிகம் என்றால் கூட்டு. மீதி, குறைவு என்றால் கழி' என்ற அட்டையை வகுப்புச் சுவரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: 'முருகனிடம் 24 பனங்கிழங்கு உள்ளது. இது செல்வியிடம் உள்ளதைவிட 6 அதிகம். செல்வியிடம் எத்தனை?' அட்டையை நம்பிய பிள்ளை 30 என்று எழுதும். விடை 18. அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும். யாரிடம் கூடுதல் என்று நின்று யோசிக்கும் பழக்கம்தான் இல்லை. மேலும் பத்துக் கழித்தல் கணக்குக் கொடுத்தாலும் அந்தப் பழக்கம் வராது.

வாரத்தில் ஒரு பாடவேளையை, 40 நிமிடமும், ஒரே கணக்குக்கு விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது. எண்களை விட்டுவிட்டு, கணக்கில் உள்ள சங்கதியைப் பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். 'செல்விட்ட கொறச்சலால்லா இருக்கு' என்று வாயில் வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. அந்த நேரத்தில் பேச்சைத் திருத்த வேண்டாம். அடுத்து இரண்டு பட்டை வரைந்து, நீளமானது யாருடையது என்று பெயர் எழுதட்டும். விடை 24க்கு மேலா கீழா என்று முன்கூட்டியே ஓரத்தில் குறிக்கட்டும். விடை வந்ததும் அந்தக் குறிப்போடு ஒத்துப் பார்த்து, 18உடன் 6 சேர்ந்தால் 24 வருகிறதா என்றும் பார்க்கட்டும்.

நேரமில்லை என்று முதலில் விடுபடுவது இந்தச் சரிபார்ப்புதான். 50 பிள்ளைகள் பாபநாசம் போக வேண்டும், ஒரு வேனில் 12 பேர், எத்தனை வேன்? '4, மீதி 2' என்று வகுத்தல் சரியாகவே முடியும். அந்த இரண்டு பிள்ளைகள் எதில் போவார்கள் என்று திரும்பிப் பார்த்தால்தான் 5 வேன் என்று வரும்.

ஆசிரியரும் வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும், தவறான வழியில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது உட்பட: 'கூட்டினால் செல்விக்கு 30. அப்படியானால் அவளிடம்தானே அதிகம்? கணக்கில் அப்படி இல்லையே.' 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேட்கச் சொல்லுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தவுடனே பிள்ளை விடையை அழித்துவிடும்.

எங்கே இடறுகிறது என்று அறிய, ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வகுத்த ஐந்து கேள்விகள் போதும்: வாசி, என்ன கேட்கிறார்கள், எப்படிப் போடப் போகிறாய், போட்டுக் காட்டு, விடையை எழுது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். வாசிப்பில் நிற்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை.

பள்ளிப் பார்வைக்கு வரும்போது நோட்டில் எத்தனை கணக்கு என்று எண்ணாதீர்கள். ஒரு பிள்ளையை அழைத்து, ஒரு கணக்கை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், ஆசிரியர்கள் இதை நடத்திப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
தொடக்கநிலைக் கணக்கு ஆசிரியர்கள் சிலர்