விலை இறங்கினால் போதுமா?

ஆசிரியருக்கு,

"மந்தநிலையில்தான் வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும்" என்ற யோசனை இப்போது எங்கும் கேட்கிறது. விற்பவர் பேரத்துக்குப் படிகிறார் என்பது உண்மைதான். ஆனால் விலையை இறக்கிய அதே வேலையிழப்புதான் குடிவருபவரின் சம்பளத்தையும் பதம் பார்க்கிறது. இதைத் தரகர் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

புதிதாக இறங்குபவர்கள் 12 மாத வாடகையையும் அப்படியே வரவில் எழுதிவிடுகிறார்கள். ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் ஆண்டு வரவில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகுதான் வெள்ளையடிப்பு, ஒழுகும் குழாய், சொத்து வரி, காப்பீடு எல்லாம். வீடு காலியாக இருக்கிறதே என்று வங்கித் தவணை காத்திருக்காது. மாறும் வட்டியில் கடன் வாங்குபவர், வட்டி 2 சதவீதம் கூடினால் தவணை என்னவாகும் என்று போட்டுப் பார்த்த பிறகல்லவா கையெழுத்திட வேண்டும்?

2008 நிதி நெருக்கடியில் அமெரிக்காவில் உரிமையாளர்கள் தவணை கட்டத் தவறியதால் வீடுகள் பறிமுதலாகி, ஒழுங்காக வாடகை கொடுத்தவர்களும் வெளியேற நேர்ந்தது. அவர்களைக் காக்க 2009இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

ஆறு மாதத் தவணையாவது கையிருப்பில் இல்லாதவர் பொறுத்திருக்கலாம். வாங்கியவர், வாடகையைச் சற்றுக் குறைத்தாவது நாணயமான குடித்தனக்காரரைத் தக்கவைத்துக்கொள்வதே லாபம். உங்கள் சொத்துப் பக்கத்தில் விலை விவரத்தோடு, வாடகைக்கு ஆளின்றிக் காலியாக இருக்கும் வீடுகளின் விவரத்தையும் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்